கபீல் வீட்டுப் பூவரசு

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு புகார். வாசலில் நிற்கும் பூவரசு இலையைக் கொட்டிக் குப்பை போடுகிறதாம், எதற்கும் உதவாத மரமாம். படித்ததும் எனக்குச் சூசையின் ஞாபகம் வந்து, சிரிப்பும் வந்துவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். ரூமில் பக்கத்துக் கட்டில் சூசைக்கு. பாம்பன்காரன், கபீலின், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளியின், படகில் மீன் பிடிப்பவன். ஈசா டவுனில் கபீல் வீட்டு மதிலோரம் ஒரு பூவரசைப் பார்த்த நாளிலிருந்து அவன் சும்மா இருக்கவில்லை. அவர்கள் தீவில் இலை, காய், படகு கட்டும் கட்டை என்று அந்த மரத்தில் எதையும் வீணாக்க மாட்டார்களாம். வியர்க்குருவில் நான் சொறிந்துகொண்டிருந்தபோது, காயைக் கீறி அதன் மஞ்சள் பாலைக் கழுத்திலும் நெற்றியிலும் தடவிவிட்டான். அரிப்பு போனதா என்பது வேறு விஷயம். மறுநாள் டூட்டியில் சைட்டே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கொழுக்கட்டை அவிக்க இலை வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவன் மதில்மேல், நான் கீழே பையோடு. அப்போது கபீல் வந்து நின்றார். விசா போச்சு என்று நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என்ன இது என்று அரபியில் அதட்டினார். சூசைக்குத் தெரிந்த அரபி மொத்தமும் மீன் பெயர்கள். ஓர் இலையைக் கிள்ளிச் சுருட்டி, முனையை நசுக்கி, அவர் முகத்துக்கு நேரே பீப்பீ ஊதினான்.

கிழவர் முறைத்தார். பிறகு கையை நீட்டினார். அவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

அடுத்த வாரத்துக்குள் பேரப்பிள்ளைகள் அத்தனை பேர் வாயிலும் பீப்பீ. மத்தியானத் தூக்கம் கெட்ட வீட்டம்மா மரத்தையே வெட்டச் சொல்லிவிட்டாள். கபீல் வீட்டு டிரைவர் வந்து இதைச் சொன்னதும் சூசைக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்கன நமக்குத் தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதான் மாப்ள," என்றான்.

பிறகு எழுந்து மாவு பிசைந்தான். தேங்காயோடு பேரீச்சம்பழத்தையும் சேர்த்துப் பூரணம் வைத்து, பூவரசு இலையில் மடித்து அவித்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோனோம். வீட்டம்மா இலையோடு கடித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சூசை பதறாமல் இன்னொன்றின் இலையைப் பிரித்துக் கொடுத்தான். அதைத் தின்றாள். அதற்கடுத்ததைக் கணவர் கேட்டும் கொடுக்கவில்லை.

தீர்ப்பைச் சொன்னது கபீல். மரம் நிற்கலாம், வெள்ளிதோறும் கொழுக்கட்டை வர வேண்டும்.

"பீப்பீ மாஃபி," என்றார். ஊதல் மட்டும் கூடாது.

போன வருடம் ஒரு வேலையாகப் பஹ்ரைன் போனபோது அந்தத் தெருவுக்கும் போனேன். கபீலும் இல்லை, வீட்டம்மாவும் இல்லை. மரம் நின்ற இடத்தில் கார்களுக்குக் கூரை போட்டிருந்தது. பேரன் ஒருவன், இப்போது தாடிக்காரன், பேசினான். அது என்ன மரமென்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாதாம். வீட்டில் எல்லோருக்கும் அது 'சூசை மரம்'தானாம்.

பாம்பனுக்குப் போன் போட்டுச் சூசையிடம் சொன்னேன்.

"அம்புட்டுப் பெரிய மரத்த எங்க கொண்டுபோனாக?" என்றான். "ஒரு வள்ளத்துக்கு விலாக்கட்டை வந்திருக்குமே மாப்ள."