ரேடார் பெட்டியும் மஞ்சள் விளக்கும்

கார் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பதிவில் இருப்பது என் பெயர், வங்கிக் கடனுக்குப் போவது என் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைப்பதும் நான்தான். வீட்டில் இருப்பதோ நானும் என் கணவரும் மட்டும். ஆக, மறந்துவிடுகிறவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார் வாங்குவதற்கு முன் பல வருஷம் எனக்கு மோட்டார் சைக்கிள்தான். ஜோகூர் மாநிலத்தில், கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து விடியுமுன் கிளம்பி, செக்கண்ட் லிங்க் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருவேன். அந்த ஓட்டம் ஓடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பயம் வேகத்தினால் வருவதில்லை. ஒவ்வொரு காரின் பின்கதவோரமும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நாம் போய்விட்டால் ஓட்டுகிறவரின் எந்தக் கண்ணாடியிலும் நாம் இல்லை. அவர் நல்லவராக இருக்கலாம், சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பியவராகவும் இருக்கலாம். சிக்னல் போட்டுவிட்டு நேராக நம் மேலேயே வருவார். ஹாரன் அடித்துத் தப்பித்திருக்கிறேன், பிரேக் பிடித்துத் தப்பித்திருக்கிறேன், ஒருமுறை சாலையை விட்டுப் புல்லில் இறங்கியும் தப்பித்திருக்கிறேன். கார்க்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: பார்க்கவில்லை.

முட்டி தேய்ந்துபோய் மோட்டாரை விட்டேன். கூலாயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. கார் பார்க்கப் போனபோது, விற்பனைக்காரர் பெரிய திரையையும் தோல் இருக்கையையும் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். நான் ஒன்றைத்தான் போட்டுக் காட்டச் சொன்னேன். பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. காரின் பின் பம்பருக்குள் இரண்டு மூலையிலும் சென்சார் இருக்கிறது. நான் சொன்ன அந்த இடத்தில் ஏதாவது வந்தால் விளக்கு எரியும். எரிகிறதா என்று பார்க்க விற்பனைக்காரரைக் காருக்குள் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு மோட்டார் பக்கத்தில் வந்தது, எரிந்தது. அந்தக் காரையே வாங்கினேன்.

என் கணவர் உரம் விற்கும் கம்பெனியில் இருக்கிறார். வார நாட்களில் கம்பெனி வேனில் பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டங்களுக்கெல்லாம் அலைவார். வேனுக்கு வேகம் கிடையாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துவைத்து சனி, ஞாயிறுகளில் என் காரில் தீர்த்துக்கொள்வார். கோலாலம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் பின்னாலேயே வேகத்துக்கு அபராதச் சம்மன் வரும். கார் என் பெயரில் இருப்பதால் சம்மனும் என் பெயரில்தான் வரும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கார் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் போட்ட சத்தத்தில் அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அவர் ரேடார் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். போலீஸ் வேகம் பார்க்க அனுப்புகிற அலையை இது தூரத்திலேயே பிடித்துக் கத்துமாம். நாம் உடனே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போகலாமாம். இதெல்லாம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டேன். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும், உன் பெயரில் சம்மன் வரக்கூடாது என்பதற்காகத்தான் வாங்கினேன் என்று அவர் சொன்னபோது கொஞ்சம் இளகிவிட்டேன்.

பெட்டி வந்த நாளிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. காரணமில்லாமலே கத்தும். புதுக் கார் ஒன்று பக்கத்தில் வந்தால் இன்னும் கத்தும். இரண்டு வந்தால் தொண்டை கிழியக் கத்தும். அவர் ஒவ்வொரு கத்தலுக்கும் பிரேக்கை மிதிப்பார். நான் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குறை, குறை என்பார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. ஜோகூர் போலீஸ் முழுவதும் எங்களுக்காகவே புதருக்குள் உட்கார்ந்திருப்பது போல நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செடெனாக்கில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். அவர்தான் ஓட்டினார். தோட்டத்துச் சாலை, இரண்டு பக்கமும் செம்பனை, முன்னேயும் பின்னேயும் ஒரு வண்டி கிடையாது. பெட்டி கத்தியது. அவர் காரை நிறுத்தி இறங்கி, செம்பனை வரிசைக்குள் குனிந்து குனிந்து தேடினார். ஒரு மாடு மட்டும் நின்றது. நான் உள்ளே உட்கார்ந்து சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். இஞ்சினை நிறுத்தினால் பெட்டி வாயை மூடியது. கிளப்பி நாலு அடி நகர்ந்தால் மறுபடியும் ஆரம்பித்தது.

பெட்டி விற்றவருக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். விற்றவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போலீஸ் இல்லையாம், எங்கள் காரேதானாம். புதுக் கார்களின் பின் பம்பரில் இருக்கும் சென்சார்களும் அதே மாதிரி அலையைத்தான் அனுப்புகின்றனவாம், எது போலீஸ் எது பம்பர் என்று பிரித்துப் பார்க்க இந்தப் பெட்டிக்குத் தெரியாதாம். இதைவிட விலை கூடியதாக ஒன்று இருக்கிறதாம். அப்படியானால் இதைக் கழற்றிவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

பார்த்துக்கொண்டார்தான். அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பியபோது பெட்டி சத்தமே போடவில்லை. எப்போதாவது, யாருடைய புதுக் காரோ மிக நெருங்கி வந்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். மனிதர் எப்படியோ சரிசெய்துவிட்டார் என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். கத்துகிறது கத்தாமல் போனால் எல்லாருக்கும் தெரியும். எரிய வேண்டியது எரியாமல் போனால் யார் கவனிக்கிறார்கள்?

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கெலாங் பாத்தாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை விட்டு, சாலை ஈரமாக இருந்தது. இடது பக்கம் வெளியேற வேண்டும். சிக்னல் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. திருப்பினேன். பின் ஜன்னலில் படார் என்று ஒரு கை அறைந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து நடுத் தடத்துக்கே திரும்பி வந்தேன். ஒரு மோட்டார் தள்ளாடி, ஓரத்துக் கோட்டைத் தாண்டிப்போய், நிமிர்ந்து நின்றது.

ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினேன். சின்ன வயது மலாய்ப் பெண், தொழிற்சாலைச் சீருடை, முதுகில் பை. அடி எதுவும் இல்லை. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அக்கா, என்னைப் பார்க்கவில்லையா என்று மலாயில் கேட்டாள். எத்தனையோ கார்க்காரர்களிடம் நான் கேட்ட அதே கேள்வி. என் வாயிலிருந்து வந்ததும் அதே பதில்தான். அதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

காருக்குள் வந்து உட்கார்ந்து, திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேடினேன். பக்கவாட்டு விளக்குக்கான சென்சாரை யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. என் காரைத் தொடுகிறவர் ஒரே ஒருவர்தான். அதற்குப் பிறகு இருந்தது கோபம் மட்டும்தான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது அவர் தாமரைத் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் பதறினார், எனக்கு அடியா, காருக்கு அடியா என்றெல்லாம் கேட்டார். பிறகு அவருடைய நியாயம் வந்தது.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா சண்ட போடுதுலா. எதையாச்சும் ஒண்ண அடைக்கணும். விக்கிறவருதான் பொறவு மெசேஜ்ல சொன்னாரு."

"அடைக்கிறதுன்னா பெட்டிய அடைக்க வேண்டியதுதானே?"

"பொறவு சம்மன் வந்தா? ஒன் பேர்லதான் வரும், மறந்துறாத."

வரட்டும் என்றேன். சம்மனுக்குப் பயந்தால் மெதுவாக ஓட்டுங்கள், அதற்குப் பெட்டி தேவையில்லை, வலது காலைக் கொஞ்சம் தூக்கினால் போதும் என்றேன். அவருக்கு முகம் சிவந்தது. ஒரு விளக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, கண்ணாடி எதற்கு இருக்கிறது, பார்த்து ஓட்டத் தெரிந்தவனுக்கு விளக்கு எதற்கு என்று அவரும் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஏறி ஒக்காருங்க" என்றேன்.

எதற்கு என்றார். உட்காருங்கள் என்றேன் மறுபடியும். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிகளை அவருக்கு ஏற்ற மாதிரி அவரையே சரிசெய்துகொள்ளச் சொன்னேன். நன்றாகத் திருப்பி, திருப்தியாகத் தலையாட்டினார். ஜன்னல்களை இறக்கச் சொன்னேன். கழுத்தைத் திருப்பாமல் கண்ணாடியை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றிப் போய் இடது பக்கம் பின்கதவோரம், கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்தப் பெண் வந்த இடம் அதுதான். நான் பல வருஷம் இருந்த இடமும் அதுதான். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, கால் தானாகப் போய் நின்றது.

"இப்ப நான் தெரியுறனா?"

நடுக் கண்ணாடியைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். எங்கே போய்விட்டாய், வீட்டுக்குள் போய்விட்டாயா என்று கேட்டார். நான் கையை நீட்டிக் கதவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

குரலை இறக்கி, ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் சொன்னார்:

"முப்பது வருசமா இந்த வெளக்கு இல்லாமத்தான் ஓட்டுறேன். ஒருத்தரையும் இடிச்சதில்ல."

"இடிக்கலதான். ஆனா தப்பிச்சுப் போனது யாரு? நீங்க பாத்து ஓட்டுனதால மோட்டார்ல போற நாங்க பொழைக்கல. ஒங்களுக்கு நாங்க தெரிய மாட்டோம்னு தெரிஞ்சி, நாங்க ஒதுங்கிப் போனதால பொழைச்சோம். முப்பது வருசமும் பாத்து ஓட்டுனது நாங்கதாங்க."

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்த ஹோஸிலிருந்து தண்ணீர் வாசல் முழுக்க ஓடி என் செருப்பை நனைத்தது. போய்க் குழாயை மூடியிருக்கலாம். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, அவராகக் கதவைத் திறந்து, காரைச் சுற்றி நடந்து வந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று தன் கண்ணால் பார்க்கும்வரை.