சிவப்புப் பட்டுக்கு அடியில் இருந்த சூடு

எங்கள் மால்ட்டாத் தீவில் ஒருவன் காலையில் என்ன வேலை செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. மாலையில் எந்த ஊர் வெடிமருந்தறையில் இருப்பான் என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரன் விஸ்டின் விடியும்வரை ரொட்டி சுடுவான். பிறகு ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும் மருந்தறைக்குப் போய்விடுவான். புனிதரின் திருவிழாவுக்கு வாணம் செய்ய அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. கைக்காசு போகும். சில சமயம் கையே போகும். இருந்தும் வரிசையில் நிற்பார்கள், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு புத்தி.

நான் ஊர் பேண்டில் டிரம்பெட் ஊதுபவன். வெடியின் பக்கமே போகமாட்டேன். எட்டி நின்று "ஆகா" என்று சொல்ல ஆள் வேண்டாமா?

விஸ்டினுக்கு இந்த்ரி என்று ஓர் அண்ணன் இருந்தான். முன்பு ஒரு திருவிழாவுக்கு முந்திய வாரம் மருந்தறையில் புகை கிளம்பி எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். இந்த்ரி மட்டும், தான் செய்த பெரிய வாணத்தை எடுத்துவர உள்ளே திரும்பிப் போனான். அவ்வளவுதான் அவன் கதை. அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அவன் மனைவி ஜிதா ரொட்டிக்கடைக்கு வந்தாள். வழக்கமாக வாசலில் நின்றபடியே "எப்பவும் போல" என்பாள், விஸ்டினும் எடுத்துக் கொடுப்பான். அன்று அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. "எப்ப..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். எத்தனை ரொட்டி என்று அவளுக்கே தெரியவில்லை. விஸ்டினும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் இருந்தேன். அந்த நிமிஷம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இதற்குப் பிறகும் விஸ்டின் மருந்தறையை விடவில்லை. தலைமைப் பொறுப்பையே ஏற்றுக்கொண்டான். ஏன் என்று பேண்டு கிளப்பில் ஒருநாள் கேட்டேன்.

"நான் வேணாம்னா திருவிழா நின்னுடுமா? வேற எவனாவது போவான். நான் இருந்தா, ஓடுன்னு சொல்லவாவது ஒரு ஆள் இருக்கும்ல."

"அந்தப் பொடியில அப்படி என்னதான்யா வெச்சிருக்கான் சாத்தான்?"

"ஒண்ணும் பெருசா இல்ல. என் அடுப்புல எரியுற விறகுல இதவிட அதிகம் சூடு இருக்கு. ஆனா விறகு எரிய காத்து வேணும். காத்து வெளியேருந்து கொஞ்சங் கொஞ்சமா வரணும், அதனால விறகு நிதானமா எரியும். மருந்து யாருக்கும் காத்திருக்காது. எரியுற பொருளும், அத எரிய வெக்கிற பொருளும் பொடியோட ஒவ்வொரு மணியிலயும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணு பத்துனா அதோட சூடு பக்கத்து மணியப் பத்த வெக்கும், அது அடுத்தத. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள மொத்தமும் முடிஞ்சுடும். வந்த ஆவிக்கு ஓட இடமில்லன்னா செவுத்தத் தள்ளிக்கிட்டுப் போகும்."

"அப்ப பத்த வெக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அங்கதான் பயமே. சிலது தானாப் பத்தும்."

அது எப்படி என்று அந்த வருஷத் திருவிழாவுக்கு முந்திய புதன்கிழமை ஊரே தெரிந்துகொண்டது.

அந்த வாரம் ஷ்லொக் வீசியது. தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அது. உப்பும் சட்டையும் பிசுபிசுக்கும், மனிதனுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். வெள்ளிப்பொறி வாணத்துக்குப் பிசைந்த ஈர மருந்தைத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். காற்றே ஈரமாக இருந்தால் எங்கே காயும்? அதைச் செய்தவன் பெர்ட்டு. விஸ்டினின் பால்ய நண்பன், கொத்தனார், புனிதர்மேல் உயிரையே வைத்திருப்பவன். அவனுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா மருந்தையும் ஒரே மரத்தொட்டியில் வழித்துக் குவித்தான். கோயில் தூண்களுக்குச் சுற்றும் பழைய சிவப்புப் பட்டு ஒன்றைக் கோயில் பணியாளிடம் வாங்கி வைத்திருந்தான். ஆசிக்கு ஆசியாச்சு, ஈரத்துக்குத் தடுப்புமாச்சு என்று அந்தத் தடித்த பட்டை நாலாக மடித்துத் தொட்டிமேல் போர்த்தினான். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடப் போனான்.

பிற்பகலில் விஸ்டின் வந்தான். பட்டின் ஓரத்தைத் தூக்கினான். குதிரை லாய நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. புறங்கையை மருந்துக்குக் கிட்டே கொண்டுபோனான். தினமும் புளிக்க வைத்த மாவின்மேல் அவன் அப்படித்தான் கை காட்டுவான். நிழலில், நெருப்பே இல்லாத அறையில், தொட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க. கையில இருக்கிறத அப்படியே கீழ வெச்சுட்டுப் போங்க. ஓடாதீங்க, நடங்க."

சாப்பிட்டுத் திரும்பியிருந்த பெர்ட்டுவையும் சேர்த்து அங்கே இருந்த நாலு பேரும் விஸ்டினோடு வயலைக் கடந்து கல்சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அங்கே போனதும் பெர்ட்டு எழுந்தான்.

"டேய், ஒரு வருஷ உழைப்பு உள்ள கிடக்கு. தொட்டிய மட்டும் இழுத்து வெளிய போட்டுட்டு வந்துடுறேன். புனிதரோட பட்டும் அங்க இருக்கு."

"உக்காருடா."

"சூடுதானே? தண்ணி ஊத்தினாப் போச்சு!"

"வெள்ளிப்பொறிக்குப் போட்ட உலோகப்பொடியில ஈரம் தங்குனதாலதான் சூடும் அந்த நாத்தமும் வந்திருக்கு. அரைவாளி தண்ணிய ஊத்துனா இன்னும் கெட்டுப்போகும். பரப்பி வெச்சிருந்தா வந்த சூடு காத்துல போயிருக்கும். நீ குவிச்சு, மேல போர்வையும் போத்திட்ட. சூடு போக வழியில்ல. சூடு ஏற ஏற இன்னும் வேகமா சூடாகும். எப்ப எகிறும்னு சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் ஆகலாம், நீ கதவத் தொடுற நேரமாவும் இருக்கலாம்."

பெர்ட்டு சுவரைத் தாண்டக் காலைத் தூக்கினான். விஸ்டின் அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தான். பெர்ட்டு ஓங்கி ஒரு குத்து விட்டான். விஸ்டினின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. பிடியை அவன் விடவில்லை. மற்றவர்கள் பெர்ட்டுவின் கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. சில்வண்டு கத்தியது. சுவரில் பல்லி ஊர்ந்தது. வெயில் மெல்ல நகர்ந்தது. பெர்ட்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"எங்கடா வெடிச்சுது? புளிச்ச மாவப் பாத்துப் பயந்தவனே! உங்க அண்ணனுக்கு இருந்த தைரியத்துல காலு பங்கு உனக்கு இருக்கா?"

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கால்மேல் இருந்தவன் ஒருவன் இறங்கிக்கொண்டான். வாரைச் சுற்றிய விஸ்டினின் கை மட்டும் இன்னும் இறுகியது. பெர்ட்டு திமிறி எழுந்து முழங்காலில் நின்றபோது அந்த அறை இல்லாமல் போனது. அதன் பின்னால் வாணங்கள் அடுக்கியிருந்த அறையும் போனது. கல் மழையாய்ப் பெய்தது. சுவர் காப்பாற்றியது.

ஊரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. வாணவேடிக்கைக்கு உரிய நேரம் அல்லாத நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பெண்களுக்கு வேறு அர்த்தமே கிடையாது. பெர்ட்டுவின் மனைவி சுன்ட்டா கையில் மீன் செதிலோடு, செருப்புக்கூட இல்லாமல் தெருவில் ஓடினாள். கிளப் வாசலில் நின்றிருந்த எனக்கு அவளைப் பார்க்கும் தைரியமில்லை.

எல்லோரும் நடந்தே திரும்பி வந்தார்கள்.

வந்தவர்களை ஊர் ஒரு நாள்தான் கொண்டாடியது. பிறகு நாக்கு நீண்டது. வானத்தில் ஒரு பொறிகூட இல்லாமல் என்ன திருவிழா? பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் பேண்டு போகும்போது வாயாலேயே "டுமீல்" என்று சத்தம் போட்டுக் கைதட்டினார்கள். பெர்ட்டுவோ விஸ்டினோடு பேச்சை நிறுத்திவிட்டான். "அவ்வளவு நேரம் இருந்துச்சே, அந்த நேரத்துல மூணு தடவ இழுத்துட்டு வந்திருப்பேன். அவன்தான் விடல" என்று கிளப்பில் எல்லோரிடமும் சொன்னான். நேரம் இருந்தது உண்மைதான். எவ்வளவு இருந்தது என்பது முடிந்த பிறகுதானே தெரியும்! இதை எடுத்துச் சொல்லப்போய் நான் பெர்ட்டுவோடு சண்டை போட்டேன். விஸ்டின் சண்டைக்கு வரவில்லை, கிளப்புக்கே வரவில்லை.

"அந்த மடையனுக்கு நீயே ஒரு வார்த்த சொல்லேன்யா" என்று ரொட்டிக்கடைக்கே போய் அவனிடம் சொன்னேன்.

"திட்டட்டும் விடு. திட்டுறதுக்கு ஆள் இருக்கான்ல" என்றான். உதட்டில் தையல், வாய் கோணிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை, திருவிழா அன்று, விடிந்ததும் வானம் அதிர வேண்டிய நேரத்தில் கோயில் மணி மட்டும் அடித்தது. ரொட்டிக்கடையில் நீண்ட வரிசை. யாரும் விஸ்டினோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காசை வைத்தார்கள், ரொட்டியை எடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு முன்னால் சுன்ட்டா நின்றாள். வீட்டில் கணவன் போகாதே என்று தடுத்திருப்பான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் முறை வந்தது. விஸ்டின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எப்பவும் போல, விஸ்டின் அண்ணே" என்று நிறுத்தாமல் முழுசாகச் சொன்னாள்.

அவன் ரொட்டிகளை எடுத்துச் சுற்றிக் கொடுத்தான். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பியவன், வரிசை அப்படியே நிற்க, வெகுநேரம் திரும்பவே இல்லை.