பூசணி இருமவில்லை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை உதிரட்டும். மீசை ஒட்டு மீசைதான். சத்தியம் அசல்.

பேசும் படம் வந்த புதிது. நானும் பூசணியும் பத்து நிமிடச் சிரிப்புப் படங்களில் ஜோடி. அவன் ஏணியைச் சாய்ப்பான், நான் அடிவாங்கி விழுவேன். சத்தம் வந்த பிறகுதான் எங்களுக்கு மவுசே. விழும்போது ஒரு நொடி அமைதி... அப்புறம் 'டொம்!' அந்த நொடிக்காகவே கொட்டகை மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சாய்ப்பதற்கு முன் பூசணி இருமுவான், நான் குனிந்துகொள்வேன். இருமல் மைக்கில் விழுகிறதென்று ஒலிப்பதிவாளர் குதிப்பார்.

"குதிக்கட்டும்டா குச்சி. உன் மண்டையைவிட மைக்கா பெருசு?" என்பான் பூசணி.

ஒருநாள், தளத்தில் என்னவோ ஒரே கூச்சல். இருமல் கேட்கவில்லை. ஏணி வந்தது. என் கால் முறிந்தது.

மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். கட்டுப் பிரித்ததும் ஊன்றுகோலோடு ஸ்டுடியோவுக்குப் போய், அன்றைக்கு எடுத்த படச்சுருளைப் போடச் சொன்னேன். பட்டப்பகல். படம் ஓட்டும் ஆபரேட்டர் சுவருக்கு அந்தப் பக்கம். இருட்டறையில் நான் மட்டும்.

திரையில் பூசணி ஏணியைப் பிடித்திருந்தான்.

அமைதி...

யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

அவன் குரல்.

ஆனால் உதடு அசையவில்லை.

"இன்னிக்கு இருமமாட்டேன், குச்சி..."

டொம்.

நொண்டிக்கொண்டே ஒப்பனை அறைக்குப் போனேன். முகமெல்லாம் மாவோடு பூசணி திரும்பினான்.

"ஏன்டா இருமல?"

"இருமினேன்டா! நீதான் குனியல."

"பொய். இப்பத்தான் உன் வாயாலயே கேட்டேன்."

"என் வாயாலயா? எங்கடா?"

பச்சைப்பிள்ளை மாதிரி முழித்தான். அந்த முழியை விற்றுத்தானே இருவரும் சாப்பிட்டோம்! "இனிமே வேற எவன் மண்டையாவது பாரு" என்று கதவை அறைந்து சாத்தினேன். கூட்டாளியின் காலை ஒடித்தவனென்று பேர் பரவியது. அவனோடு ஜோடி சேர எவனும் வரவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து, அவன் சாவு வீட்டில் அந்த ஒலிப்பதிவாளர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனசில் கிடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னிக்குக் காலையிலேயே மைக் எரிஞ்சுபோச்சுப்பா. அதான் தளத்துல அவ்வளவு கூச்சல். ஊமையாத்தான் எடுத்தோம்... அந்தச் சுருள்ல சத்தமே கிடையாது."