அடுப்புக் குழாயில் ஓட்டிய ஜெனரேட்டர்

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பைப் வேலை செய்கிறேன். நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். யாரிடமும் அதிகம் பேச வராது.

எஸ்டேட் ஐயாவுக்கு மூச்சுக் கோளாறு. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. கரண்ட் போனாலும் அது ஓடவேண்டும் என்று கேஸில் ஓடும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். சிலிண்டர் ஷெட்டிலிருந்து அறுபது அடிக்கு நான் குழாய் போடவேண்டும். எவ்வளவு பருமன் என்று, ஜெனரேட்டர் மாட்ட வந்த மெக்கானிக்கிடம் கேட்கக் கூச்சம். சுனைத் தண்ணீரை மேட்டிலிருந்து ஒல்லிக் குழாயில் இறக்கினால் பீய்ச்சி அடிக்கும். கேஸும் அப்படித்தான் என்று நினைத்து, அடுப்புக்குப் போடும் ஒல்லிச் செம்புக் குழாயையே போட்டேன். ஒரு பல்பை எரியவிட்டுப் பார்த்தோம். நன்றாகவே எரிந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பியது. ஃபிரிட்ஜ், ஹீட்டர், விளக்குகள் எல்லாம் ஒன்றாக இழுக்க, திணறி நின்றுவிட்டது. ஐயாவின் உதடு நீலமானது.

"மாரப்பா, மெஷின் நின்னுபோச்சு! ஏதாச்சும் பண்ணு சாமி!" என்று ஐயாவின் வீட்டம்மா கதறினார்.

அந்த ஒற்றைப் பல்பு நினைவுக்கு வந்தது. "மெஷினைத் தவுத்து எல்லாத்தையும் அமத்துங்கம்மா!" என்று கத்தினேன். அம்மா ஓடி ஓடி மற்ற சுவிட்சுகளை அணைக்க, ஜெனரேட்டரை மறுபடி கிளப்பினேன். மூச்சு வாங்கினாற்போல் ஓடியது, ஆனால் நிற்கவில்லை. கரண்ட் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஐயா பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனை தூரத்துக்கு இதுல எப்படிங்க வேணுங்கிற அளவு கேஸ் போய்ச் சேரும்? கேட்டிருந்தா உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றார். பெரிய குழாயாக மாற்றினோம்.

இப்போது தூரத்தையும் ஜெனரேட்டர் குடிக்கும் கேஸையும் சொல்லி, பருமனைக் கேட்ட பிறகே குழாயை அறுக்கிறேன். எல்லாச் சுவிட்சையும் போட்டு ஓட்டிப் பார்க்காமல் கிளம்புவதில்லை. கேட்கும்போது இன்னும் காது சூடாகிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.