கதிரையை விட்டு இறங்கிய அஸர்

முதுகில் ஒபரேஷன் முடிந்து, பல்லேகலைக்குப் பக்கத்தில் நடக்கப் பழக்கும் நிலையமொன்றில் இருந்தேன். மூன்றாம் வாரம் கம்பியைப் பிடித்துப் பத்து அடி நடந்தேன், அல்ஹம்துலில்லாஹ். "குனியவே கூடாது, கதிரையில் இருந்தே தொழுங்கள்" என்று நடக்கப் பழக்கும் மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ நெற்றி நிலத்தில் படாதது பெரிய குறையாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த புசல்லாவை ஐயா சிரிப்பார். "நம்ம நாட்டுல கதிரை கெடைச்சவன் எவனும் எறங்க மாட்டான் நானா. நீங்கதான் எறங்கத் துடிக்கிறீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கு, அல்லாஹ் நடக்க வைத்தானே என்ற நன்றியில், யாருக்கும் சொல்லாமல் இறங்கி சுஜூது செய்தேன். நெற்றி நிலத்தில் பட்டது. ஆனால் எழும்ப முடியவில்லை. அந்த ஐயாதான் கத்தி ஆட்களைக் கூப்பிட்டார்.

இரண்டாவது ஒபரேஷனும் செய்தாயிற்று. இடது காலில் உணர்வே இல்லை. இனி வருவது கஷ்டம் என்கிறார்கள்.

"கதிரையில தொழுதா அல்லாஹ் ஏத்துக்கொள்ள மாட்டானா வாப்பா?" என்று மகள் அழுதாள்.

இப்போது அக்குறணை வீட்டில் படுத்தபடியே, தலையை மட்டும் அசைத்துத் தொழுகிறேன். முதுகு தாங்காது, உட்காரவும் முடியாது. கதிரையில் தொழலாம் என்று அவன் தந்த சலுகையைத் தட்டிவிட்டவன் நான். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தக் கதிரையைத்தான் துஆவில் கேட்கிறேன்.