பதினோராயிரம் அடி

உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் ஒருத்தி ஒரே நாளில் பதினோராயிரம் அடி நடக்க முடியுமா? முடியாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். காலர் அக்கா நடந்தாள். நிர்வாகத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது.

சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாம் வரிசையில் பத்தொன்பது வருடமாகக் காலர் தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் போக எழுந்திருக்க அனுமதி இரண்டு முறை. அதுவும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரைக்கு அடங்கித்தான் இருந்தன. ஆனால் பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது.

"மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். மணிக்கொருதரம் எழுந்து அஞ்சு நிமிஷம் நடங்க" என்றார் டாக்டர்.

அந்த வாரமே நிர்வாகம் 'பெண்கள் நலத் திட்டம்' தொடங்கியபோது, தெய்வமே இறங்கி வந்ததாக நம்பினாள். நோயுள்ள நாற்பது பெண்களுக்கும், நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டை ஆளுக்கொன்று, ஓர் உணவு அட்டவணை. 'சிறிது சிறிதாக ஐந்து வேளை உண்ணவும்' என்றது அட்டவணை. 'தையல் இடத்தில் உண்ணக் கூடாது' என்றது சுவரிலிருந்த பலகை. இரண்டிலும் ஒரே மேலாளரின் கையெழுத்து.

பட்டை கையில் இருந்தால் துணியில் மாட்டியது. "கால்ல கட்டிக்கோக்கா" என்றாள் பக்கத்தில் பொத்தான் தைக்கிறவள். கட்டினாள். மெஷின் அதிர, கால் அதிர, பட்டை தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. சாயங்காலம் பார்த்தால் பதினோராயிரம்!

"யக்கா, நீ இந்நேரம் அடுத்த ஊரையே தாண்டியிருப்ப!"

"போடி இவளே. வழியில டீ குடிக்க நின்னேனே, நீ பார்க்கல?"

வரிசையே சிரித்தது. மறுநாள் நாற்பது பட்டைகளும் காலுக்கு இறங்கின. அந்த எண்ணை ஒருவர் நம்பித் தொலைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

மேலாளர் நம்பினார். இரண்டு மாதம் கழித்து, டாக்டரின் சீட்டோடு அவள் அவர் எதிரே நின்றாள்.

"சார், மணிக்கு அஞ்சு நிமிஷம் நடக்க விட்டா போதும். கால் மரத்துப்போகுது."

பட்டைகளின் கணக்கு ஏறியிருந்த கம்ப்யூட்டரை அவர் திருப்பிக் காட்டினார். "தினம் பதினோராயிரம் அடி! நானே அவ்வளவு நடக்கறதில்ல. இதுக்கு மேல என்னம்மா நடை?"

"நடந்தது நான் இல்ல சார், மெஷின்."

"அப்போ ரெண்டு மாசமா எங்களை ஏமாத்தினீங்களா?"

நாற்பது பட்டைகளும் பிடுங்கப்பட்டன. அறிக்கை மட்டும் மாறவில்லை: 'இலக்கைத் தாண்டிய வெற்றி.' மெஷினின் நடுக்கத்தை நம்பியவருக்கு மனுஷியின் வாய்ச்சொல் பொய்யாகப் பட்டது.

அடுத்த மாதம், உடைந்த ஊசிமுனை ஒன்று செருப்பைத் துளைத்து அவள் பாதத்தில் ஏறியது. வலிக்கவில்லை, வலிக்க அங்கே உணர்ச்சி இருந்தால்தானே? நாலாம் நாள் நாற்றத்தை வைத்து மகள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு விரல்கள் போயின.

"எல்லாம் விதி" என்று ஆறுதல் சொன்னார்கள் உறவுக்காரர்கள். விதியாம்! எட்டரை மணிக்கு மணியடித்து உட்காரவைத்தது விதியா?

இப்போதும் அதே நாற்காலி, அதே காலர். நடக்கச் சொன்ன டாக்டரே, புண் ஆறும்வரை நடக்காதே என்கிறார்.

உங்கள் பொறுப்பில் நாலு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்களா? அட்டவணை ஒட்ட வேண்டாம், பட்டை கட்ட வேண்டாம். நாளைக் காலையிலிருந்து மணிக்கொருதரம் ஐந்து நிமிடம் மெஷினை நிறுத்துங்கள். நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், இருப்பவரிடம் போய்க் கேளுங்கள்.