சுஹேர் பெயர் போட்ட படம்

எங்கள் அன்ஃபூஷி மீனவர் குடியிருப்பில் கடல் யாரையாவது கொண்டுபோனால், நாற்பதாம் நாள் ஓதுவதற்குள் அவர் முகம் வீட்டுச் சுவரில் இருக்கும். சுஹேர் வரைந்து தந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. வீட்டுக்கு வந்தால் கையில் படம் வரையும் டேப்லெட். காசு வாங்க மாட்டாள், படத்தில் பெயரும் போட மாட்டாள். அச்செடுத்துக் கொடுத்த கையோடு டேப்லெட்டிலிருந்தும் அழித்துவிடுவாள்.

"மவுத்தானவங்க முகத்த வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன் தம்பி? பேரைப் போட்டா நன்மை அதோட போச்சு" என்பாள். அவள் வீட்டுக்குக் கீழே மொபைல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பிடிவாதம் ஒருநாளும் பிடித்ததில்லை.

அதே தெருவில் இருக்கும் ஃபர்தூஸின் மகன் வக்தி படகோடு கடலில் போனவன், உடல்கூடக் கிடைக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தை வைத்து, பல் இடுக்கு தெரியச் சிரிக்கிற வக்தியை சுஹேர் வரைந்தாள். ஃபர்தூஸ் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பெருமையோடு பேஸ்புக்கிலும் போட்டாள். அங்கிருந்துதான் எவனோ திருடினான். இணையத்தில் ஓவியம் விற்கும் சந்தை ஒன்றில் வக்தி டாலருக்கு விலைபோயிருந்தான்.

சேதி தெரிந்ததும் ஃபர்தூஸ் சட்டம் போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ரொட்டியும் உப்பும் சேந்து தின்னவளாச்சே! எம்புள்ள முகத்தை எவ்வளவுக்குடி வித்தே?"

"அல்லாஹ் மேல ஆணை, நான் விக்கல அக்கா."

"விக்கலேன்னா நீ வரைஞ்சது உங்கிட்டதானே இருக்கும், காட்டு."

காட்ட டேப்லெட்டில் ஒன்றுமில்லை. ஃபர்தூஸ் படத்தை வாசலில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சந்தைக்கு நானே புகார் எழுதினேன். முதலில் ஏற்றியவரே உரிமையாளராம். மறுப்பவர் கையொப்பமோ மூலக் கோப்போ காட்ட வேண்டுமாம். தெரிந்த வக்கீலைக் கேட்டேன். "சட்டமெல்லாம் இருக்குப்பா. வித்தவன் பேரும் தெரியல, நாடும் தெரியல. யார் மேல கேஸ் போடுவே?" என்றார். திருடனுக்கு இத்தனை வசதி செய்து வைத்திருக்கிறார்கள், பாவி மனுஷிக்கு ஒன்றுமில்லை.

"இனிமேலாவது பேரைப் போடுக்கா" என்று நான்தான் நச்சரித்தேன்.

அடுத்து வலை பின்னும் ஷவ்கி இறந்தார். சுஹேர் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டாள். கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஷவ்கியின் மனைவி முகத்தைத் தடவித் தடவி அழுதாள். விரல் மூலைக்கு வந்ததும் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தாள்.

"எவ்வளவும்மா தரணும்?"

இத்தனை வருஷத்தில் சுஹேரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவள், தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபர்தூஸக்கா இந்தப் பேரைப் பாத்தா, நான் காசுக்கு வரையறேன், வக்தியையும் நான்தான் வித்தேன்னு நினைக்க மாட்டாங்களா தம்பி?"

ஃபர்தூஸ் வாங்கிப்போக வராத வக்தியின் படம் இன்னும் சுஹேர் வீட்டில்தான் இருக்கிறது.